பாடம் நடக்காத அரை மணி நேரம்

என் மகளை எட்டாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று, தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்து ஒரு விஷயத்தை விளக்கினார். காலையில் மணி அடித்ததும் முதல் அரை மணி நேரம் அந்தப் பள்ளியில் பாடம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்துவிடுவார்கள். அந்தச் சிறிய கூட்டம் தினமும் தன் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும். பத்தாம் வகுப்பு முடியும்வரை அதே ஆசிரியர், அதே பிள்ளைகள். அதற்கு அட்வைசரி என்று பெயர்.

வெளியே வந்ததும் என் கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "அரை மணி நேரம் சும்மா பேசறதுக்கா? அதுல ஒரு கணக்குக் கிளாஸ் வெச்சா இவங்களுக்கு ஆகாதா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. நாங்கள் கர்நாடகத்துத் தமிழர்கள். அவர் கொள்ளேகாலில் படித்தவர், நான் ஹனூரில். எங்கள் காலத்தில் ஆசிரியரோடு தனியாகப் பேச நேர்ந்தது என்றால் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். கல்யாணமாகி மைசூருக்கு வந்தபின் அவர் டயர் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனார், நான் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்தேன். ஒரே பெண். அவளை நல்ல ஹைஸ்கூலில் சேர்த்து, எஸ்எஸ்எல்சியில் நல்ல மார்க் வாங்க வைக்க வேண்டும் என்பதற்கு மேல் நாங்கள் யோசித்ததில்லை.

"வீட்டுல நாங்க குடுக்கற அட்வைஸ் போதாதுன்னு அங்க வேறயா?" என்று முதல் வாரம் அவளைக் கேட்டேன்.

"அட்வைஸ் எல்லாம் இல்லம்மா. மிஸ் ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. நாங்கதான் சொல்லணும். ஒவ்வொருத்தரும் ஒரு விஷயம் சொல்லணும் அல்வா, என் முறை வந்தா எனக்குச் சொல்ல வரமாட்டேங்குது" என்றாள். 'இல்லையா' என்பதற்கு 'அல்வா' என்று, அவளுடைய தமிழில் கன்னடம் இப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் கூச்சக்காரி. கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னை இழுத்துக்கொண்டு போவாள்.

அவள் கூட்டத்துக்கு அமைந்தவர் சமூக அறிவியல் ஆசிரியை. என்னைவிடச் சில வயது இளையவர். குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமாக எங்கும் போவார், பழைய ஸ்கூட்டரில் வருவார். ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருப்பார். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது கவுண்டரில் நாள் முழுக்கப் பேசும் எனக்குத் தெரியும். பள்ளி ஆட்களோடு எங்கள் பேச்செல்லாம் கன்னடத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அரைப் பரீட்சை முடிந்ததும் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தார்கள். மகளின் குறைகளைக் கேட்டுக்கொள்ளத் தயாராகப் போனோம். அங்கே ஆசிரியை சுவர் ஓரமாக ஒரு நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் எங்கள் மகள் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, அம்மா, லீவு போட்டுட்டு வந்ததுக்கு தேங்க்ஸ்" என்று ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

எந்தப் பாடம் சுலபமாக வருகிறது, எது வரவில்லை என்று தானே சொன்னாள். "கணக்குல புரியலைன்னா கிளாஸ்ல எழுந்து கேக்க பயமா இருக்கு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அதனால கிளாஸ் முடிஞ்சதும் சார்கிட்ட தனியாப் போய்க் கேக்கறேன். அதுக்கு மிஸ் சார்கிட்ட டைம் கேட்டுக் குடுத்தாங்க."

என் கணவர் ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம், இவ எப்படிப் படிக்கறா?"

"அவகிட்டயே கேளுங்க சார். இது அவளோட மீட்டிங்" என்றார் அவர்.

என் கணவர் மறுபடி மகளைப் பார்த்தார். ஏதோ பாங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, "சரி கண்ணு, அப்பா என்ன செய்யோணும்?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கும்போது நான் சத்தமாப் படிச்சா திட்டாம இருக்கணும்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர், "நம்ம புள்ளைதானா அது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒன்பதாம் வகுப்பில் வேறு மாதிரியான புகார்கள் வரத் தொடங்கின. கன்னட ஆசிரியர், வகுப்பில் கவனமில்லை என்றார். அறிவியல் ஆசிரியை, கேள்வி கேட்டால் விழிக்கிறாள், பகல் கனவு காண்கிறாள் என்றார். வயசு அப்படி என்று நாங்களும் நினைத்தோம். போனை வாங்கி அலமாரியில் வைத்தோம். அப்படியும் புகார் நிற்கவில்லை.

ஒரு நாள் பகலில், கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் வரிசை வாசல்வரை நின்றுகொண்டிருந்தபோது, ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. பக்கத்துக் கவுண்டர்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பேசினேன்.

"உங்க பொண்ணு கவனமில்லாம இல்லைங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். காலைல வட்டமா உட்கார்ந்து பேசறோமில்லையா, அப்ப கவனிச்சேன். ஒரு வாக்கியத்துக்கு நடுவுல அப்படியே நின்னுடறா. கண் இமை மட்டும் படபடன்னு அடிக்குது. கூப்பிட்டா காதுல விழல. சில நொடிதான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எங்களைப் பாக்கறா. நடுவுல நாங்க பேசினது அவளுக்குத் தெரியல. ஒரு தடவை இல்ல, பல தடவை பாத்துட்டேன். நான் டாக்டர் இல்ல. ஆனா ஒரு நரம்பு டாக்டரைப் பாத்துடுங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் பெண்ணை நரம்பு டாக்டரிடம் காட்டச் சொல்ல இவர் யார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் மகளை எதிரே உட்கார வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா பாக்கற?" என்று அவள் எரிச்சல்பட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த ஆசிரியை சொன்ன விதம் மனதைவிட்டுப் போகவில்லை. அத்தனை நுணுக்கமாக என் மகளின் முகத்தை நான்கூடப் பார்த்ததில்லையே என்று தோன்றியது.

டாக்டர் வயதானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மகளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "வேகமா மூச்சு இழுத்து விட்டுக்கிட்டே எண்ணும்மா" என்றார். அவள் கன்னடத்தில் எண்ணினாள். ஒந்து, எரடு, மூரு. மூச்சு வாங்க வாங்கக் குரல் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. இமைகள் மட்டும் அடித்துக்கொண்டன. டாக்டர் ஒரு கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு அவள் திரும்பி வந்தாள். "ம்? இன்னும் எண்ணட்டுமா?" என்றாள்.

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டார்.

தலையில் வயர்களை ஒட்டி ஈஈஜி எடுத்தார்கள். வலிப்பு நோயில் இது ஒரு வகை என்றார் டாக்டர். பயப்பட வேண்டாம், மாத்திரையும் தூக்கமும் தவறக்கூடாது, எப்போதாவது பெரிய வலிப்பும் வரலாம், வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். "யாருங்க இதைக் கண்டுபிடிச்சது? பெரும்பாலும் ரொம்ப நாள் கழிச்சுத்தான் எங்ககிட்ட வருவாங்க" என்று கேட்டார். ஸ்கூல் மிஸ் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார்.

கொள்ளேகாலிலிருந்து நாத்தனார் போன் செய்தார். "ஆருகிட்டயும் மூச்சு விட்றாத கண்ணு. பொட்டப்புள்ள. நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கோணும். காக்கா வலிப்புன்னு ஒருத்தி வாயில வந்துட்டாப் போதும், ஊரெல்லாம் பரவிப்போகும்." அவர் கெட்டவர் இல்லை. பயத்தில் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

ஆசிரியையிடம் மட்டும் சொன்னேன். அவர், "எதாவது அவசரம்னா என்ன செய்யணும்னு இவளுக்குப் பாடம் எடுக்கற டீச்சர்களுக்குத் தெரிஞ்சாகணும், அதை நான் பாத்துக்கறேன். பிள்ளைங்ககிட்ட சொல்றதா வேண்டாமாங்கறது அவ விருப்பம். நான் சொல்ல மாட்டேன்" என்றார். மகள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். அப்படியே விட்டோம். மாத்திரையில் அந்தச் சின்னச் சின்ன நினைவு தப்பல்கள் குறைந்தன. கவனமில்லை என்ற புகார் நின்றுபோனது.

பிறகு ஹனூரில் என் தம்பி கல்யாணம் வந்தது. முதல் நாள் இரவு முழுக்கப் பெண்கள் கூட்டத்தில் யாரும் தூங்கவில்லை. தாலி கட்டியானதும் பஸ் பிடித்து ஊர் திரும்பினோம். அன்றைக்கும் அவள் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போனவளுக்கு, காலை அரை மணி நேரத்தில், தன் கூட்டத்தின் நடுவிலேயே பெரிய வலிப்பு வந்துவிட்டது.

நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது ஓய்வறைக் கட்டிலில் படுத்திருந்தாள். நாக்கு ஓரத்தில் கடிபட்டிருந்தது. வேறு சுடிதார் போட்டிருந்தாள். அது பள்ளி அலமாரியில் வைத்திருக்கும் மாற்று உடை என்று புரிந்தது. அவளுடைய யூனிஃபார்ம் ஒரு பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆசிரியை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எல்லாரும் பாத்துட்டாங்கம்மா" என்றாள். "டிரெஸ்லயே போயிட்டேன். எல்லாரும் பாத்துட்டாங்க."

அதற்குப் பிறகு பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். கெஞ்சினோம், மிரட்டினோம். வேறு பள்ளியில் சேர்த்துவிடு என்று அழுதாள். வீட்டிலேயே படித்து வெளியிலிருந்து பரீட்சை எழுதட்டும் என்று நானும் ஒரு கட்டத்தில் யோசித்தேன். அவளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும், யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அப்போது மனம் போயிற்று.

ஆசிரியை ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தார். எப்போது அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்பார் என நினைத்தேன். "அவகிட்ட குடுக்கறீங்களா?" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"உன் கூட்டம் தினம் என்னைக் கேக்குது. உனக்கு என்ன ஆச்சுன்னு. நான் ஒண்ணும் சொல்லல. என்ன சொல்லணும்னு நீ சொல்லு, அதைச் சொல்றேன்."

மகள் பேசவில்லை. ஆசிரியையும் பேசவில்லை. போன் கெட்டுப்போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். இணைப்பு இருந்தது.

கடைசியில் மகள், "நீங்க சொல்லாதீங்க மிஸ். தப்பாப் போயிடும். நானே வந்து சொல்றேன்" என்றாள். பிறகு, "அம்மாவும் வரலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா வரட்டும். ஆனா அம்மா பேசக் கூடாது, சரியா?" என்றார் ஆசிரியை. என்னிடம் சொன்னதுதான் அது.

அப்படித்தான் அந்த அரை மணி நேரத்தை நான் நேரில் பார்த்தேன். பள்ளியின் பின்பக்கம் ஓவிய அறை. பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மகள் தன் காலைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். எபிலெப்சி என்றால் என்ன, மூளையில் கரண்ட் எப்படி ஒரு நிமிஷம் தாறுமாறாகப் போகும், மாத்திரை எதற்கு என்று, டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

ஒரு நெட்டைப் பையன் கேட்டான். "அது ஒட்டிக்குமா?"

பக்கத்தில் இருந்தவள் அவன் விலாவில் இடித்தாள். ஆசிரியை, "கேக்கட்டும், நல்ல கேள்வி" என்றார். மகள், "ஒட்டிக்காது" என்றாள்.

"அப்ப உனக்கு வலிக்குமா?" என்றாள் ஒருத்தி.

"அப்ப ஒண்ணும் தெரியாது. முழிச்சப்புறம் உடம்பெல்லாம் வலிக்கும். ஆனா அதைவிட..." நிறுத்தினாள். "வெக்கமா இருக்கும். அதுதான் ஜாஸ்தி. அன்னைக்கு என் டிரெஸ்... எல்லாரும் பாத்தீங்க."

"யாரு பாத்தாங்க?" என்றாள் அந்தப் பெண். "நாங்க பாக்கலயே. மிஸ் உன்னை ஒரு பக்கமாப் படுக்க வெச்சாங்க. வராண்டாவுல மத்த கிளாஸ் பிள்ளைங்க வந்து எட்டிப் பாத்தாங்க. உடனே நாங்க எல்லாரும் எழுந்து உன்னைச் சுத்தி வெளியப் பாத்து நின்னுக்கிட்டோம். துப்பட்டாவைப் பிரிச்சுப் பிடிச்சோம். ஒருத்தரும் உன்னைப் பாக்கல. நாங்களும் திரும்பல."

என் மகள் தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. ஆசிரியை எங்களிடம் சொல்லவில்லை. அவர்களே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்.

ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

ஒரு பையன் தயங்கித் தயங்கி, "உன் கைல சாவிக்கொத்தை வெச்சது நான்தான். எங்க ஊர்ல அப்படித்தான் செய்வாங்க. மிஸ் எடுத்துட்டாங்க. சாரி" என்றான்.

"பர்வாகில்ல. இனிமே வெக்காத" என்றாள் மகள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் காரியக் கேள்விகள். பெரியதாக வந்தால் என்ன செய்வது, சின்னதாக வந்தால் கூப்பிட வேண்டுமா. "கூப்பிட வேண்டாம். திரும்பி வந்ததும் புஸ்தகத்துல எந்த வரியில இருக்கோம்னு விரல் வெச்சுக் காட்டினா போதும்" என்றாள். பக்கத்தில் உட்காரும் பெண் தலையாட்டினாள். அவ்வளவுதான். ஆசிரியை, "சரி, அடுத்து யாரு?" என்று கேட்டார். ஒருவன் தன் நாய்க்குட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று ஆரம்பித்தான். அதே அக்கறையோடு எல்லாரும் அந்த நாய்க்குட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். என் மகள், வெந்நீரில் குழைத்த சோறு கொடுத்துப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டை இத்தனை நாளாக அழுத்திக்கொண்டிருந்த விஷயம், அந்த அறையில் நாய்க்குட்டிக்கு முன்னால் பேசிமுடித்த ஒரு விஷயம், அவ்வளவுதான். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

பத்தாம் வகுப்பில் குடகுக்கு இரண்டு நாள் சுற்றுலா அறிவித்தார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பள்ளி வேறு, வெளியூர் வேறு. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானம் காலிங் பெல் அடித்தது. திறந்தால் அவள் கூட்டத்தில் பாதிப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, நாங்க என்ன செய்வோம்னு செஞ்சு காட்ட வந்திருக்கோம். பாத்துட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் கூட்டத்தில் வாய் அதிகமுள்ள பெண்.

யோசனை மிஸ்ஸுடையதா என்று கேட்டேன். மிஸ்ஸுக்குத் தெரியவே தெரியாது என்றார்கள்.

ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கினார்கள். நெட்டைப் பையன் நோயாளி. நின்றபடியே தொபுக்கென்று விழுந்து கைகாலை உதறினான். "இவ்வளவு வேண்டாம்டா, டிவி ஸ்டாண்டை உடைச்சிடாத" என்று மற்றவர்கள் அதட்டினார்கள். ஒருத்தி வாட்ச்சைப் பார்த்தாள். ஒருவன் பக்கத்திலிருந்த ஸ்டூலை நகர்த்தினான். ஒருத்தி ஸ்வெட்டரை மடித்துத் தலைக்கு அடியில் கொடுத்தாள். உதறல் நின்றதும் இரண்டு பேர் அவனை ஒருக்களித்துத் திருப்பினார்கள்.

முதல் ஷிப்ட் முடித்து வந்திருந்த என் கணவர் பனியனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு கிட்டிக்குமல்ல? வாயில ஸ்பூன் வெக்கோணுமே?" என்று சோதித்தார்.

"வெக்கவே கூடாது அங்கிள்!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"தண்ணி?"

"முழுசா முழிச்சுப் பேசற வரைக்கும் கூடாது."

"கையக் காலைப் பிடிச்சுக்கலாமா?"

"கூடாது அங்கிள். சும்மா பக்கத்துல இருக்கணும். ரொம்ப நேரம் நிக்கலைன்னா ஆஸ்பத்திரி. மிஸ்ஸைக் கூப்பிட ஒருத்தர் ஓடணும், அது இவன்."

என் கணவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். "இவன் ஒல்லிப் பையன். என்னைத் திருப்புங்க பாக்கலாம்" என்றார். அவர் கனத்த உடம்புக்காரர். பிள்ளைகள் சுற்றி மண்டியிட்டு மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். அவர் அசையவில்லை. "முட்டியை மடக்கித் தள்ளுடா, தோளைப் பிடிச்சு இழுடா" என்று வாட்ச்காரி உத்தரவு போட்டாள். கடைசியில் மூட்டைபோல உருண்டார். என் மகள் சமையலறை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த நோயின் பெயரைச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் சிரித்தது அன்றுதான்.

காரப்பொரி கலந்து கொடுத்தேன். தின்று முடித்துவிட்டு, "அப்ப அனுப்பறீங்க அல்வா ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். அனுப்பினேன்.

இரண்டாம் நாள் காலையில் நான் கவுண்டரில் அன்றைய முதல் ரசீதுக்குச் சீல் குத்திக்கொண்டிருந்தபோது ஆசிரியையின் போன் வந்தது. "வந்துச்சு, முடிஞ்சுடுச்சு, நல்லா இருக்கா. இதைத்தான் முதல்ல சொல்லணும்னு சொன்னேன்" என்றார். "டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். மாத்திரை போட்டாச்சு. இப்ப ரவை உப்பிட்டு சாப்பிடறா. பேசறீங்களா?"

மகளின் குரல் களைத்திருந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேம்மா. வராத. சாயங்காலம் எல்லாரோடயும் பஸ்ல வரேன். ப்ளீஸ்மா, வராத."

கணவருக்குப் போன் செய்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கிளம்பவில்லை. "நாம போயிக் கூட்டியாந்துட்டா, அப்புறம் அவ எங்கயும் போகமாட்டா" என்றார். "இருக்கட்டும். அவங்க பாத்துக்குவாங்க."

அன்று சாயங்காலம்வரை கவுண்டரில் உட்கார்ந்திருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை. யாரிடம் என்ன வாங்கினேன், என்ன கொடுத்தேன் என்று நினைவில்லை.

நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்றிருக்கிறாள். முழித்தபோது தலைக்கடியில் யாருடைய ஸ்வெட்டரோ இருந்தது. சுற்றிலும் முதுகுகள். நெட்டைப் பையன் கதவில் நின்றுகொண்டு, பிற கூட்டத்துப் பிள்ளைகளிடம், "பூரி அந்தப் பக்கம், அந்தப் பக்கம் போங்க" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். ஆசிரியை வெளியே பஸ் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தவர், ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எவ்வளவு நேரம், என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். சொன்னார்கள். "அப்ப எனக்கு இங்க வேலையே இல்லியா?" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, நன்றாகத் தெளிந்தபின் உப்பிட்டு எடுத்து வரப் போனாராம்.

அந்த ஆசிரியையை நான் பெரிதாகப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை நன்றி சொல்லப் போனேன். "தினம் பாத்தா தெரியும்ங்க. ஐம்பது பேரை நாற்பது நிமிஷம் பாக்கறவங்களுக்குத் தெரியாது. அவங்க தப்பு இல்ல" என்றார். எனக்குப் பிறகு அதைத்தான் யோசிக்கத் தோன்றியது. அந்தப் பள்ளி செய்தது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் முகம் பார்த்துப் பேச நேரம் ஒதுக்கியது. அந்த நேரத்தில் பாடம் வேண்டாம் என்று துணிந்து சொன்னது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கக் கற்றுக்கொண்டது அதிலிருந்து வந்தது. கணக்குக் கிளாஸ் வைக்கலாமே என்று கேட்ட நாங்கள், எஸ்எஸ்எல்சியில் அவள் கணக்கில் சுமாராகத்தான் வாங்கினாள் என்பதைக்கூட மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது முதல் வருடப் பியூசி, அதாவது பதினோராம் வகுப்பு, படிக்கிறாள். பெரிய கல்லூரி. ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று அவளுக்கே தெரியாது. வட்டமாக உட்கார்வது, உன் முறை என்று காத்திருப்பது எல்லாம் அங்கே இல்லை. அவளுடைய பழைய கூட்டம் ஆளுக்கொரு கல்லூரிக்குப் போய்விட்டது. முதல் வாரம் முழுக்கக் கவுண்டரில் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டு, "பக்கத்துல உட்கார்ற பொண்ணுகிட்ட சொல்லிட்டேம்மா" என்றாள்.

"என்ன சொன்ன?"

"எல்லாம்தான். எனக்கு இப்படி வரும், வந்தா இதைச் செய், இதைச் செய்யாதன்னு."

"அவ என்ன சொன்னா?"

"பேக்கைத் திறந்து இன்சுலின் பேனாவை எடுத்துக் காட்டினா. சின்ன வயசுலருந்து அவளுக்கு சுகராம். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லையாம். 'எனக்குத் தலை சுத்தி வேர்த்துக் கொட்டினா உடனே இனிப்பா ஏதாவது குடு, நீ சொன்னதை நான் எழுதி வெச்சுக்கறேன்'னா. முன் பெஞ்சுல ரெண்டு பேரு நல்லவங்களாத் தெரியறாங்க. திங்கக்கிழமை அவங்ககிட்டயும் சொல்லலாம்னு இருக்கோம்."

திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸோடு ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் வேண்டும் என்று கேட்டாள். கடைக்குப் போய் வாங்கி வந்து அவள் பையில் வைத்தேன்.